மலிவுக் காபி வரிசையில் முந்தியவர்

கொல்கத்தா விமான நிலையத்தில், சற்று முன் இன்சுலின் போட்டுக்கொண்ட மனைவியை நாற்காலியில் உட்கார வைத்தேன். மற்ற கடைகளின் விலை எனக்கு ஆத்திரமூட்டியதால், மலிவுக் காபிக் கவுண்டரின் நீண்ட வரிசையில் நின்றேன்.

ஒரு வங்காளி எல்லோரையும் தாண்டி முன்னால் போனார். அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“தாதா, நாங்கள்லாம் முட்டாளா? பின்னால போங்க!” என்று, அண்ணனைத் ‘தாதா’ என்னும் வங்காளத்திலேயே கத்தினேன். வரிசையும் சேர்ந்து கத்தியது.

“கையை எடுங்க தாதா! அங்க ஒரு அம்மா சுகர் இறங்கி நடுங்கறாங்க. புருஷன் இந்த லைன்லதான் எங்கயோ நிக்கறாராம், மலிவுக் காபிக்கு!”

திரும்பிப் பார்த்தேன். என் மனைவிதான்.

இனிப்பு டீயை அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். குடித்துத் தெளிந்தவள், “இவர்தான் என் வீட்டுக்காரர்” என்றாள். அவர் என்னைப் பார்த்தார். கசங்கிய சட்டையை நீவிக்கொண்டு போய்விட்டார்.

அப்போது ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன்.