ஒற்றைக் காலில் இருபது வினாடி

கோட்டையூரில் நான் கூட்டிப் பெருக்கும் கல்யாண மண்டபத்தில், செவ்வாயும் வெள்ளியும் காலையில் வயதானவர்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடக்கும். காரைக்குடியிலிருந்து பிசியோதெரபி படித்த பெண் ஒருத்தி ஸ்கூட்டியில் வந்து நடத்துவாள். ஆறாவதோடு படிப்பை விட்டவள் நான். நாற்காலி இழுத்துப் போடப் போய், அவளுக்குக் கூடமாட உதவுகிறவளாக ஆகிவிட்டேன்.

மாதம் ஒருமுறை பரிசோதனை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு அரை நிமிடத்தில் எத்தனை தடவை நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவாள். அது கால் பலத்துக்கு. பிறகு ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். அவள் போனில் வினாடி ஓடும்.

"கொக்காவது மீனுக்கு நிக்கும், நாம எதுக்குய்யா நிக்கிறோம்?" என்பார் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர். எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்துத் தடுமாறி யாராவது விழுந்துவிட்டால் என்று எனக்குப் பயம். ஏனென்றால் அவர்களுக்குப் பின்னால் நிற்கிற வேலை என்னுடையது.

"விழப் போனா மட்டும் பிடிங்கக்கா. அதுக்கு முன்னாடி மேல கையே படக் கூடாது" என்று அந்தப் பெண் முதல் நாளே சொல்லியிருந்தாள்.

அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பிப் போகிற எனக்கு அது எப்படி முடியும்?

வகுப்புக்கு ஓர் ஆச்சி வருவார். எழுபத்தெட்டு வயது. இரண்டு தெருவைத் தொடுகிற பெரிய வீட்டில் தனியாக இருந்தார். சென்னையில் இருக்கும் மகன் ஒரே பிடியாகச் சொல்லியிருந்தார்: ஒற்றைக் காலில் பத்து வினாடி நிற்க முடியாமல் போனால், வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வந்துவிட வேண்டும். மாதாமாதம் கணக்கு அவர் போனுக்குப் போய்விடும். ஆச்சிக்கோ அந்த வீட்டை விட்டுப் போக மனசே இல்லை.

முதல் மாதம் ஆச்சி காலைத் தூக்கியதும் உடம்பு லேசாகச் சாய்ந்தது. என் ஆள்காட்டி விரல் தானாகப் போய் அவர் முதுகில் ஒட்டிக்கொண்டது. ஒரே ஒரு விரல்தான்; பட்டது அவருக்கே தெரிந்திருக்காது. அவர் நிமிர்ந்தார். பதினான்கு வினாடி என்றாள் அந்தப் பெண். முன்னால் நின்று காலையும் போனையும் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு என் விரல் தெரியவில்லை. அடுத்த மாதம் அவர் காலைத் தூக்கும் முன்பே வைத்துவிட்டேன். நாலாவது மாதம் இருபது வினாடி. எல்லோரும் கை தட்டினார்கள். ஆச்சிக்காகச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். என் பயத்துக்காகச் செய்தேன். மற்றவர்கள் முதுகிலும் அப்படித்தான் விரல் வைத்தேன்.

"இனி வீட்டுக்குள்ள கம்பு ஊன வேணாம் ஆச்சி" என்று அவள் சந்தோஷமாகச் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். சொல்லிவிடலாம் என்று தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் ஆச்சியைச் சென்னைக்குக் கூட்டிப் போய்விடுவார்களே என்று விழுங்கிவிட்டேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை, வீட்டு வளவில், திறந்த முற்றத்துக் குழாயடியில் நின்று ஆச்சி கால் கழுவியிருக்கிறார். ஒரு காலைத் தூக்கி மறு காலில் தேய்த்தபோது விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்துபோனது.

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று இருந்தேன். திட்டவில்லை. யார் யாருக்கு என்று மட்டும் கேட்டாள். எல்லாருக்கும் என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, அவளே பக்கத்தில் நின்று ஒவ்வொருவரையும் புதிதாகச் சோதித்தாள். கண்டக்டருக்குப் பதினெட்டாக இருந்தது ஆறாகிப்போனது. அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு சுவரைப் பிடித்தபடி வெளியே போனார்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஆச்சியைச் சென்னைக்குக் கூட்டிப் போக மகன் காரோடு வந்தார். ஆச்சியிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நானும் போனேன். பின்சீட்டில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்து கிடந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லாத்தான நின்னேன் ஆத்தா, நீயுந்தான பாத்த. வீட்ல எப்பிடிக் கோட்ட விட்டேன்னே தெரியல. அந்தப் புள்ள வெசனப்படும். அது சொல்லிக் குடுத்ததுல ஒரு கொறையும் இல்ல, கெழவிதான் கவனமா இல்லன்னு சொல்லிரு."

மகன் வண்டியைக் கிளப்பினார்.

"சரி ஆச்சி" என்றேன். வெளியே தொங்கிய சேலைத் தலைப்பை உள்ளே எடுத்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.