ஒரே பிளாப்பியில் இரண்டு ஞானையா

என் தங்கச்சி பேபியின் புருஷன் ஞானையா, தாம்பரம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பெயின்ட் அடித்தவர். கோயில் ஆராதனைக்குச் சொந்தமாகப் பாட்டுக் கட்டுவார். எழுதி வைக்கிற பழக்கம் கிடையாது. தொண்டையில் புற்று வந்து குரல் அடங்கியதும் மகள் யூனிஸ் பயந்துபோனாள். அவர் கிசுகிசுத்ததை பஸ் டிக்கெட் பின்னால் கிறுக்கிக்கொண்டு போய், சானடோரியம் ஸ்டேஷன் பக்கம் தன் கம்பெனி கம்ப்யூட்டரில் அடித்துவிட்டு, டிக்கெட்டைக் கிழித்துப் போடுவாள்.

அதே கம்ப்யூட்டரில் தன் பையனின் மழலையையும் அடித்து வைத்திருந்தாள். தாத்தா பெயர்தான் அவனுக்கும். அப்பாவுக்கு ஒரு அறை, பிள்ளைக்கு ஒரு அறை மாதிரி தனித்தனி இடம். இரண்டு ஃபைலுக்கும் பெயர் ஞானையா.

வீட்டில் இதில் குழப்பமே வந்ததில்லை. பேபி புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள். அதனால் பேரன் எல்லாருக்கும் குட்டிதான்.

அவர் போய்ச் சேர்ந்தார். வருஷ நினைவு ஜெபத்தில் அந்தப் பாட்டுகளைப் பாடணும் என்று பேபிக்கு ஒரே ஆசை. அதற்குள் கம்பெனியில் மெஷினைக் காலி பண்ணச் சொன்னார்கள். யூனிஸ் ஒரே கமாண்ட் வரியில் இரண்டு ஃபைலையும் சொல்லி, பிளாப்பி டிஸ்க்குக்கு நகர்த்தச் சொல்லி அடித்தாள்.

அச்சடிக்கக் கடையில் திறந்தால் குட்டியின் மழலை மட்டும் இருந்தது.

கூட வேலை பார்த்த ராஜகோபாலிடம் ஓடினாள்.

“முதல்ல அப்பாது போய் உக்காந்துச்சு. அதே பேர்ல பையனோடது வந்து அது மேலயே எழுதிடுச்சும்மா.”

“ஒரு வார்த்தை கேக்காதா அண்ணா அது?”

“கமாண்டோட ‘ஐ’னு ஒரு எழுத்து சேத்து அடிச்சிருந்தா, மேல எழுதட்டுமான்னு கேட்டிருக்கும். நகர்த்தாம காப்பியாவது பண்ணியிருந்தா பழசு மெஷின்லயே இருந்திருக்குமே?”

“காலி பண்ணச் சொன்னாங்களே!”

மெஷினையும் அதற்குள் துடைத்துவிட்டார்கள்.

ஜெபத்தன்று சிட்லபாக்கம் வீட்டில் சனம் வந்து உட்கார்ந்தாயிற்று. யூனிஸ் சமையலறையைவிட்டு வரவில்லை. “வா பாப்பா” என்று கூப்பிட்டேன். “எந்த மூஞ்சியோட வர்றது பெரியம்மா?” என்றாள்.

பேபி குட்டியைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள். அவர் மடியிலேயே கிடந்த பிள்ளைக்கு ஒரு வரியாவது தங்கியிருக்காதா என்று நினைத்தாளோ என்னவோ, வாழ்நாளில் சொல்லாத பேரை வாய்விட்டுச் சொன்னாள்.

“ஞானையா... ஒரு வரி பாடேன்டா.”

குட்டி திரும்பி வாசலைப் பார்த்தான். யாரைக் கூப்பிடுகிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.