பெரிய எழுத்தில் எழுதிய டூ

மொழிபெயர்ப்பவனுக்குப் பெரிய சொற்களால் ஆபத்து வருவதில்லை. ‘நீ’, ‘நீங்கள்’ என்ற இரண்டு சின்னச் சொற்களால்தான் வரும். நான் பலெர்மோவில் வீடு துடைத்து இத்தாலியனும், பிறகு ஜெர்மனியில் ஒரு சமையலறையில் நின்று ஜெர்மனும் பழகியவன். யாரும் இருத்திப் படிப்பிக்கவில்லை. இப்போது மானிப்பாயில் இருந்துகொண்டு, அந்த இரண்டு நாடுகளிலும் பிரிந்து கிடக்கும் எங்கள் குடும்பங்களின் கடிதங்களை மாற்றிக் கொடுக்கிறேன். இரண்டு மொழிக்கு நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேச்சு வாங்கியவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

அவள் நல்ல சுகம்

பலெர்மோவில் நான் வேலை செய்த வீட்டுக்காரி இளைப்பாறிய ஆசிரியை. காலையில் கதவைத் திறந்ததும் “லெய் கோமெ ஸ்தா?” என்று சுகம் கேட்பார். ‘லெய்’ என்றால் ‘அவள்’ என்று ஒரு பழைய பாடப்புத்தகத்தில் படித்திருந்தேன். அதே சொல்தான் மரியாதையான ‘நீங்கள்’ என்று சொல்லும் பக்கம் என் புத்தகத்தில் கிழிந்து போயிருந்தது. ஊரில் இருக்கும் என் மனைவியைத்தான் விசாரிக்கிறார் என்று நினைத்து, மிகுந்த நன்றியோடு “லெய் நல்ல சுகம்” என்று இத்தாலியனில் பதில் சொல்லி வந்தேன். கடிதத்தில் அவள் சளி, தடிமன் என்று எழுதியிருந்தால் “லெய்க்குத் தடிமன்” என்பேன்.

எட்டு மாதம் பொறுத்திருந்து ஒரு நாள் அந்த அம்மா சொன்னார்: “நான் கேட்பது உங்களை. நீங்களோ எனக்குத் தடிமன் என்கிறீர்கள், அடுத்த வாரம் எனக்குச் சுகம் என்கிறீர்கள். என் டாக்டர்கூட இவ்வளவு நிச்சயமாகச் சொல்வதில்லை.”

நீட்டிய கை

ஜெர்மனில் மரியாதைக்கு ‘ஸீ’, நெருக்கத்துக்கு ‘டூ’. மூத்தவர்தான் முதலில் டூ தரவேண்டும். தந்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். என்னோடு பத்து வருடம் ஸீ போட்டுக் கதைத்த தலைமைச் சமையல்காரர் ஒரு நாள் கையைத் துடைத்து என்னிடம் நீட்டி, இனி நாங்கள் டூ என்றார். கையைக் குலுக்கினேன், ஆனால் டூ சொல்ல வாய் வரவில்லை. என்னிலும் மூத்த மனிதர். ஒரு மாதம் ‘உப்புப் போதுமா’, ‘அடுப்பை நிறுத்தலாமா’ என்று ஆளைக் குறிக்காத வசனங்களாகத் தேடித் தேடிக் கதைத்தேன்.

அவர் கண்டுபிடித்துவிட்டார். “பத்து வருடம் பார்த்துத்தான் கையை நீட்டினேன். அதை இப்படி அந்தரத்தில் விடாதே.”

படலையில் நின்ற கடிதம்

அருளப்பு பலெர்மோவில் உழைத்துவிட்டுக் குருநகருக்குத் திரும்பியவர். மகள் ஸ்டெல்லா அங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் கதைப்பாள், எழுத வராது. அவளுக்குப் பேசி முற்றாகியிருந்த மாப்பிள்ளையின் தாய் இங்க்ரிட், ஜெர்மன்காரி. காலமான தகப்பன் எங்கள் ஊரவர். இந்தச் சம்பந்தத்தில் அரைமனமாக இருந்த இங்க்ரிட் ஒருபடியாக மனம் இறங்கி, ஸ்டெல்லாவுக்கு டூ போட்டு ஒரு கடிதம் எழுதினார். ஸ்டெல்லா எழுதிய இத்தாலியன் பதில் ஜெர்மனில் மாற்ற என்னிடம் வந்தது. பலெர்மோ இருக்கும் சிசிலித் தீவில் மாமியாருக்குப் போடும் ‘வோய்’ போட்டிருந்தாள். மரியாதையும் உறவும் ஒன்றாகக் கலந்த சொல் அது. ஜெர்மனில் அதற்குச் சரியான இடம் இல்லை.

டூ போடுவோம் என்றேன். எதிரே கதிரையில் இருந்த அருளப்புவின் முகம் மாறியது. “மாமியை நீ எண்டு எழுதிறதோ, அண்ணை? என்ரை பிள்ளையை வளர்ப்புச் சரியில்லை எண்டெல்லோ நினைப்பினம்” என்றார். நீட்டிய கையை மறந்து, நானும் ஸீ போட்டு அனுப்பினேன்.

மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு மாப்பிள்ளை தொலைபேசியில் வந்தான். தாய் கலியாணத்துக்கு வரமாட்டாராம்; தாய் வராமல் தான் தாலி கட்டப்போவதில்லையாம். தாய் சொன்னதையும் அப்படியே ஒப்புவித்தான்: “நான் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தேன், அவள் வெளிவாசல் படலையில் நின்று வணக்கம் சொல்லுகிறாள்.”

மூன்று படி

அன்றே முழுக் கடிதத்தையும் திருப்பி எழுதினேன். ஜெர்மன் கடிதத்தில் டூவின் முதல் எழுத்தைச் சின்னதாகவும் போடலாம், மரியாதைக்குப் பெரிதாகவும் போடலாம். ஒவ்வொரு டூவையும் பெரிய எழுத்தில் போட்டேன். அடியில் என் பெயரில் ஒரு குறிப்பு வைத்தேன்: பிழை பிள்ளையுடையது அல்ல, என்னுடையது. எங்கள் ஊரில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி உண்டு. அவள் உங்களை மேற்படியில் வைத்துத்தான் எழுதினாள். மரியாதையும் உறவும் சேர்ந்த அந்தப் படி உங்கள் மொழியில் இல்லாததால் பெரிய எழுத்தில் ஏற்றியிருக்கிறேன். எத்தனையோ பத்திரங்களையும் சான்றிதழ்களையும் மாற்றியிருக்கிறேன். நான் பெருமையோடு நினைப்பது அந்தக் குறிப்பைத்தான்.

இங்க்ரிட் குருநகருக்கு வந்தார். கலியாணத்துக்கு முதல் நாள் என்னைப் பிடித்து, நடுப்படியில் இருக்கும் அந்த ‘நீர்’ யாருக்கு என்று கேட்டார். சமமானவர்களுக்கு, மனதுக்குக் கிட்ட உள்ளவர்களுக்கு என்றேன். இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். மறுநாள் விருந்தில் நேரே அருளப்புவிடம் போய், எல்லார் முன்னிலையிலும் “நீர் சாப்பிட்டீரோ?” என்றார். கதைத்துக்கொண்டிருந்த சனம் திரும்பிப் பார்த்தது. ஒரு டூவுக்கே பயந்த மனிதர் என்ன செய்யப்போகிறாரோ என்று நான் கிட்டப் போனேன்.

அருளப்பு தலையைச் சொறிந்தார். பிறகு பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டார். “நாப்பது வருசத்திலை என்ரை மனுசிகூட என்னை நீர் எண்டு கேட்டதில்லை, சம்பந்தி. நீர் இதிலை இருந்து சாப்பிடும்.”

யாருக்கு எந்தச் சொல் என்று ஊருக்கெல்லாம் திருத்தம் சொல்லும் நான், மனைவி கண்மூடி ஆறு வருடமான பிறகும், பலெர்மோவிலிருந்து யாராவது “லெய் கோமெ ஸ்தா?” என்று கேட்டால், பிழை என்று நன்றாகத் தெரிந்துகொண்டே, “அவள் நல்ல சுகம்” என்றுதான் சொல்லுகிறேன்.