கிட்டாருக்கு ஏற்ற மைக்

குணசுந்தரிக்கு நாற்பத்தொரு வயது. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் லாரிகளை எடை போடும் வேலை. கோயில் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவோடு எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பாள். பதினெட்டு வருடப் பழக்கம். அவள் குடியிருக்கும் குப்பத்தில் 'கிட்டார் அக்கா' என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள்.

சித்திரைத் திருவிழாவில் அவள் வாசித்ததைக் கேட்டு, ஓர் இசையமைப்பாளரின் உதவியாளர் நம்பர் கொடுத்தார். பத்து நாளுக்குள் கிட்டாரைப் பதிவு செய்து அனுப்பினால் ஒரு பாட்டுக்குப் பார்க்கலாம் என்றார். அன்றே போனில் பதிவு செய்து அனுப்பினாள். தகர டப்பாவுக்குள் வாசித்த மாதிரி இருக்கிறது, மைக் வையுங்கள் என்று பதில் வந்தது.

எந்த மைக்? மூன்று நாள் வீடியோக்களிலேயே போனது. ஒருவர் இதைத்தான் வாங்கு என்றார், அடுத்தவர் அதைத் தொடாதே என்றார். பாதி மைக்குகள், கிட்டார் ஒலியைப் பெருக்கும் அவளுடைய ஆம்ப்பைவிட விலை அதிகம். கடைசியில் பலரும் புகழ்ந்த ஒரு கண்டன்சர் மைக்கை, கம்ப்யூட்டரில் இணைக்கும் சின்னப் பெட்டியோடு வாங்கி வந்தாள்.

பதிவில் கிட்டார் தெளிவாகத்தான் கேட்டது. கூடவே துறைமுகத்துக்குப் போக வரிசையில் நின்ற ட்ரெய்லரின் ஹாரன், பக்கத்து வீட்டு மிக்ஸி, சமையலறையில் கணவன் தவசிமுத்து இருமியது எல்லாம் கேட்டன. ஜன்னலில் போர்வையைக் கட்டிப் பார்த்தாள். வியர்வை கொட்டியதுதான் மிச்சம்.

"கொஞ்ச நேரம் இருமாம இருய்யா."

"நான் இருமலன்னா லாரி ஹாரன் நின்னுடுமா? இன்னா பேச்சு பேசற நீ."

மைக்கின் அட்டைப்பெட்டியைப் பிரித்துவிட்டதால் கடையில் திருப்பி எடுக்க மறுத்தார்கள். அடுத்து ஒருவனிடம் பாதி விலைக்கு வாங்கிய மைக், தலையணைக்குள் வாசிப்பதுபோல் அமுங்கி ஒலித்தது. கம்பெனிப் பெயரில் ஓர் எழுத்து பிசகியிருந்ததை அப்புறம்தான் கவனித்தாள். அன்று யார்டில் இரண்டு லாரிகளின் எடைச்சீட்டை மாற்றிக் கொடுத்துத் திட்டு வாங்கினாள்.

எட்டாம் நாள், குழுவுக்கு மைக்செட் போடும் ஷாகுல் ஹமீதைத் தேடி வண்ணாரப்பேட்டை போய், கண்டன்சர் மைக் வாங்கிய கதையைச் சொன்னாள்.

"இன்னாக்கா நீ, முன்னாடியே கேக்கக் கூடாதா? அது சத்தம் வராத ரூமுக்கு உண்டான மைக்கு. உன் வூட்டு வாசல்ல லாரி நின்னுகினு கீது. கிட்ட இருக்கறத மட்டும் புடிக்கற மைக்கு போதும் உனுக்கு."

மேடையில் பாடகர்கள் பிடித்துப் பாடும் டைனமிக் மைக் ஒன்றைக் கொடுத்தான். அதன் தலையிலிருந்த கம்பி வலை நசுங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து, ஆம்ப்பின் ஸ்பீக்கரை மூடிய துணியை ஒட்டி நடுவில் வைத்தாள். பதிவில் ஒலி காதைக் கிழித்தது. இரண்டு விரல் ஓரமாக நகர்த்தினாள். மேடையில் அவள் கேட்டுப் பழகிய ஒலி அப்படியே வந்தது. ஹாரன் எங்கோ மெலிதாகத்தான் கேட்டது. மூன்று நிமிடம் வாசித்துப் பத்தாம் நாள் காலையில் அனுப்பினாள்.

சாயங்காலம் உதவியாளர் கூப்பிட்டார். "சவுண்டு ரொம்ப நல்லா இருக்கு மேடம். ஆனா அந்தப் பாட்டுல கிட்டாரை கீபோர்டுலயே போட்டு முடிச்சிட்டாங்க. போன வாரமே."

"போன வாரமே முடிச்சத இன்னிக்கு வரைக்கும் ஏன் சார் சொல்லல?"

அவளே போனை வைத்தாள்.

ஒரு வாரம் கிட்டார் பக்கமே போகவில்லை. பிறகு அதே பதிவை வேறு மூன்று இசையமைப்பாளர்களுக்கு அனுப்பினாள். இரண்டு பேர் கேட்டார்களா என்றே தெரியவில்லை. மூன்றாமவர், கிட்டார் வேண்டாம், பாடகி தேவைப்பட்டால் கூப்பிடுகிறேன் என்று எழுதியிருந்தார்.