ஜெர்மன் ஜன்னியும் என் துறைமுகப் பாஸும்

வாசகசாலைப் பலகையில் இதைப் படிக்கும் நண்பர்களே, இன்று காலை என் வேலை போகப் பார்த்தது.

பாளையங்கோட்டை டாக்டர் நண்பருக்கு எழுதிய கார்டில் 'ஃபீபர்வான்' என்று ஒரு ஜெர்மன் சொல்லைப் பற்றி எழுதியிருந்தேன். காய்ச்சலில் பிதற்றுவதை அவர்கள் அப்படிச் சொல்வார்கள். யுத்த காலம் அல்லவா, தபால் தணிக்கை அதிகாரி கூப்பிட்டனுப்பினார். என்னோடு படித்தவர்தான். மாமனார் தயவில் அந்த நாற்காலி.

துறைமுக ஆபீஸுக்குள் வேலைக்குப் போக வேண்டிய என் பாஸை வாங்கி மேஜைக்குள் வைத்துக்கொண்டு, கார்டில் அந்தச் சொல்லைக் காட்டிக் கேட்டார்.

"இது எந்தக் கப்பலு வே? எப்ப வருது?"

"கப்பல் இல்ல வே. ஃபீபர்னா காய்ச்சல், லத்தீன்ல இருந்து வந்தது. வான்னா ஆதியில நம்பிக்கை, எதிர்பார்ப்பு. பொறவு அதுவே பித்துன்னு ஆயிட்டு."

"நம்பிக்கை எப்படி வே பித்தாவும்? கதை விடாதேயும்."

"பதினோரு வருஷமா ஹெட் கிளார்க் வேலை வரும்னு இருக்கேன். எப்படி ஆவும்னு எனக்குத் தெரியும்."

அவர் சிரிக்கவில்லை. அந்த வேலையில் இப்போது இருப்பவர் அவருடைய மச்சான்.

கடைசியில் பாஸைத் திருப்பித் தந்தார். கார்டு மட்டும் விசாரணைக்குச் சென்னை போகிறது. அந்தப் பேரில் கப்பல் ஏதும் கண்டார்களா என்று கொழும்பு போய்வரும் தோணிக்காரர்களிடமும் கேட்கச் சொல்லியிருக்கிறார்.

உங்களில் யார் கண்ணிலாவது அந்தக் கப்பல் பட்டால் என்னிடம் சொல்ல வேண்டாம். நேரே அவரிடம் போய்ச் சொல்லுங்கள். அவருக்காவது பதவி உயரட்டும்.