அடுத்த கிணற்றின் அளவு

அன்று ஆரணி ஆய்வகத்தில் நானும், கிணற்று நீர் அறிக்கை வாங்க வந்த, நகங்கள் நீலமேறிய ஒரு சாயப்பட்டறைத் தொழிலாளியும்தான் இருந்தோம், பேராசிரியர் வரவில்லை. எதையும் சரிபார்க்காமல் நம்பாத பேராசிரியர் அவர், டீயைக்கூட மோந்து பார்த்துவிட்டே குடிப்பார்.

கிணற்று நீரின் சோதனைக் கோப்புகளை ஒரு பட்டியலாகவும், கிணறுகளின் பெயர்களை இன்னொன்றாகவும் கொடுத்தால், கணினி வரிசைப்படி ஜோடி சேர்த்து அறிக்கை தரும். ஒரு கோப்பு விடுபட்டதை நான் கவனிக்கவில்லை. அதற்குப் பின் ஒவ்வொரு கிணற்றுக்கும் அடுத்த கிணற்றின் மாசு அளவு போய்விட்டது.

"தம்பி, எங்க தெரு கெணறு நல்ல தண்ணின்னு போட்டுக்கீது. சாயம் நாறுதே!"

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுங்க," என்றேன், வீட்டில் முதலில் படித்தவன் என்ற மிடுக்கோடு.

"அப்போ என் மூக்குதான் தப்பு. அது ஸ்கூலுக்கே போவல," என்று சிரித்துவிட்டு அறிக்கையை மடித்து எடுத்துப்போனார்.

அவர் ஏன் என்னை நம்பினார் என்று இன்றும் தெரியவில்லை. நான் பிழையைக் கண்டுபிடிப்பதற்குள் அந்தத் தெருவே எட்டு மாதம் அந்தத் தண்ணீரைக் குடித்திருந்தது.