மகளுக்குக் கிடைத்த பிரிட்டிஷ் ஓட்டு

என் மகள் பிரிட்டனில் கடலியல் படிக்கப் போய் இரண்டாம் வருடம் நடந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கொச்சியில், மட்டாஞ்சேரி வீட்டில் நான் அயலை மீன் கழுவிக்கொண்டிருந்தபோது வீடியோவில் வந்தாள். அங்கே அப்போது காலை எட்டரை. விடுமுறை நாளில் அவள் கண்விழிக்கிற நேரமே இல்லை என்பதால் பதறிப்போனேன்.

"அம்மா, எனக்கு இங்க ஓட்டு இருக்கு."

"காலேஜ் ஓட்டா?"

"இல்லம்மா. பார்லிமென்ட் ஓட்டு."

மீனைச் சட்டியில் போட்டுவிட்டு ஈரக்கையோடு போனைக் கையில் எடுத்தேன். இந்தியா காமன்வெல்த் நாடு, அதனால் அங்கே குடியிருக்கிற நம் பிள்ளைகள் பெயரைப் பதிந்துகொண்டால் அவர்கள் எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கலாமாம். என் வீட்டுக்காரர் நம்பவில்லை. எர்ணாகுளம் பிராட்வேயில் குடைக்கடை வைத்திருப்பவர். யாராவது ஒன்றை இலவசமாகத் தருகிறேன் என்றால் முதலில் சந்தேகப்படுவது அவர் தொழில் பழக்கம். "நம்மள நூறு வருஷத்துக்கு மேல ஆண்டவங்க. இப்ப அவங்களை ஆள்றதுக்கு இவ ஆள் எடுக்கப் போறாளா?" என்று கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் சட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குச் சொல்லப் போனார்.

பக்கத்து வீட்டுச் சேட்டன் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறவர். இளமையில் எர்ணாகுளத்துக் கல்லூரியில் மாணவர் தலைவர். கட்டண உயர்வை எதிர்த்து நடந்த போராட்டத்தில், அவர் பாஷையில் சமரத்தில், போலீஸ் தடியடி வாங்கி, இடது கை மணிக்கட்டு இன்னும் கொஞ்சம் வளைந்தே இருக்கிறது. செய்தியைக் கேட்டதும் செருப்புக்கூடப் போடாமல் வந்துவிட்டார்.

"எந்தா மோளே, அவிடத்தெ பிரச்சனை என்னது? ஃபீஸ் தானே?"

"ஃபீஸ்தான் மாமா" என்றாள் மகள். அவருக்கு அதைவிட இனிப்பான பதில் எதுவும் இருந்திருக்க முடியாது.

அவள் விளக்கியது எனக்குப் புரிந்தவரை இதுதான். உள்ளூர்ப் பிள்ளைகளின் கட்டணத்துக்கு அரசாங்கம் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதை உயர்த்துவதென்றால் பார்லிமென்ட்டில் ரகளை ஆகும், ஓட்டுப் போகும் என்று எல்லாக் கட்சிக்கும் பயம். செலவோ ஏறிக்கொண்டே போகிறது. அந்த இடைவெளியைப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டுப் பிள்ளைகளை வைத்து நிரப்புகின்றன. அவர்களுக்கு உச்சவரம்பு கிடையாது. இவளுக்குச் சேரும்போது சொன்ன கட்டணம் ஒன்று, இரண்டாம் வருடம் கேட்டது வேறு.

"அப்ப உன் கூட இருக்கிற அந்தப் பொண்ணு சும்மா படிக்கிறாளா?" என்றேன். அறைத்தோழி, அந்த ஊர் பஸ் டிரைவரின் மகள்.

"எங்க சும்மா? அரசாங்கம் கடன் கொடுக்கும். வேலைக்குப் போனதும் சம்பளத்துல பிடிச்சுக்கிட்டே இருக்கும். தலை நரைக்கிற வரைக்கும் கட்டுவேன்னு அழறா."

முதல் வருடம் இந்த விஷயத்தில் இருவரும் பேச்சு முறிந்து ஒரு வாரம் தனித்தனியாகச் சமைத்திருக்கிறார்கள். உங்களுக்காக நான் கட்டுகிறேன் என்று இவளும், உன்னை மாதிரி ஆட்களால்தான் வாடகை ஏறுகிறது என்று அவளும் சொல்லிக்கொண்டார்களாம். பிறகு இவள் வைத்த ரசத்தின் வாசனைக்கு அவள் கதவைத் தட்டியதில் சமாதானம்.

தேர்தலுக்கு முன் ஒரு சனிக்கிழமை, சர்ச் மண்டபம் ஒன்றில் வேட்பாளர்களை வரிசையாக உட்காரவைத்து வாக்காளர்கள் கேள்வி கேட்கும் கூட்டம் இருந்தது. மகள் கேட்பதாக முடிவு செய்தாள். கேள்வியை நான்தான் எழுதிக்கொடுத்தேன். மசாலா ஏற்றுமதி அலுவலகத்தில் இருபத்து மூன்று வருடமாக ஆங்கிலக் கடிதம் எழுதுகிறவள் நான். அரைப் பக்கம் வந்தது.

படித்துவிட்டு, "அம்மா, இது ஏலக்காய் லேட்டா வந்ததுக்கு மன்னிப்பு கேக்கிற லெட்டர் மாதிரி இருக்கு" என்றாள்.

கோபம் வந்தது. ஆனால் மறுபடி வாசித்துப் பார்த்தபோது நான்கு இடத்தில் 'பணிவுடன்' இருந்தது. வெட்டி வெட்டிக் கடைசியில் இரண்டே வரி மிஞ்சியது.

கூட்டம் எங்களுக்கு மாலை ஆறரைக்கு. வெளியே ஜூன் மழை. போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்து, சேட்டன், வீட்டுக்காரர், நான் மூவரும் சாயாவோடு உட்கார்ந்தோம். அங்கே தோழி போனைப் பிடித்திருந்தாள். கூட்டம் தொடங்கத் தாமதமானதால் சேட்டன் தன் சமரக் கதையை ஆரம்பித்தார். கேட், கோஷம், லத்தி. எத்தனையோ தடவை கேட்டதுதான். அன்றைக்கு என்னவோ என் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"சேட்டா, அன்னைக்கு நானும் அந்தக் காலேஜ்லதான் இருந்தேன். ஃபர்ஸ்ட் இயர். நீங்க முன் கேட்ல அடி வாங்கும்போது நான் பின் கேட் வழியா ஓடி போட் பிடிச்சு வீட்டுக்கு வந்துட்டேன்."

பக்கத்து வீட்டில் குடியிருந்தும் இத்தனை வருடம் சொன்னதில்லை. என் அப்பாவுக்குப் பயம், நாம் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள், போலீஸ் பிடித்தால் யார் கேட்பார்கள் என்று. அந்தப் பயம் என் காலுக்கும் வந்திருந்தது.

சேட்டன் சாயா கிளாசை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு, "பின் கேட் உண்டுன்னு எனக்கு அன்னைக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா நானும் வந்திருப்பேன், கேட்டோ" என்றார். மூவரும் சிரித்த சிரிப்பில் மகள் எழுந்து நின்றதைக் கவனிக்கவில்லை. அவள் குரல் கேட்டதும்தான் வாயை மூடினோம்.

"உள்ளூர் மாணவர்களின் கட்டணத்தை உயர்த்த நீங்கள் பார்லிமென்ட்டில் ஓட்டெடுக்க வேண்டும். எங்கள் கட்டணம் உயர்ந்தபோது எங்கே, யார் ஓட்டெடுத்தார்கள்?"

குரல் முதல் வரியில் நடுங்கியது, இரண்டாவதில் இல்லை. என் கை என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

முதல் வேட்பாளர் எல்லாருக்கும் கட்டணத்தையே ஒழிப்போம் என்றார். பலத்த கைதட்டல். சேட்டனும் இங்கிருந்து தட்டினார். பணம் எங்கிருந்து வரும் என்று யாரோ கேட்டதற்கு, மறுபடி ஒழிப்போம் என்றார். இரண்டாமவர் மிக நல்ல கேள்வி என்று தொடங்கி, வானிலை வரை போய்வந்தார். மூன்றாவது ஒரு பெண்மணி, கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். "யாரும் ஓட்டெடுக்கவில்லை. எங்கள் வாக்காளர்களிடம் கேட்கத் தைரியமில்லாததை உங்களிடம் வாங்குகிறோம். குறைப்பேன் என்று சொன்னால் பொய். சேரும்போது சொன்ன கட்டணத்தை முடிக்கும்வரை மாற்றக்கூடாது என்று பல்கலைக்கழகத்தை வற்புறுத்துவேன். அவ்வளவுதான் முடியும்."

கைதட்டல் சுமாராகத்தான் இருந்தது.

"இது போராது" என்றார் சேட்டன். "பாதி ரொட்டிக்கு யாரு சமரம் செய்யும்?"

"சொன்னதைச் செய்வாங்கன்னு தோணுது" என்றார் வீட்டுக்காரர். இருவரும் ஒரு வாரம் இதே வாதம். சேட்டன் தினமும் மகளுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிப் பிரசாரம் செய்தார்.

ஓட்டுப் போட்ட அன்று அவள் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு உள்ளே போனாளாம். விரலில் மை வைக்கவில்லை. வாசலில் நாய்களைக் கட்டிவிட்டு ஜனங்கள் வரிசையில் நின்றார்களாம். சீட்டில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறாள்.

"பென்சிலா? அழிச்சிட்டா?" என்று வீட்டுக்காரர் திகைத்தார்.

"ஆருக்கு போட்டே மோளே?" என்றார் சேட்டன்.

"அது ரகசிய ஓட்டு மாமா."

அவருக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கும் சொல்லவில்லை. நானும் இரண்டு தடவைக்கு மேல் கேட்கவில்லை.

கண்ணாடிப் பெண்மணிதான் ஜெயித்தார். அடுத்த வருடம் பல்கலைக்கழகம், ஏற்கெனவே சேர்ந்த வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டணம் ஏறாது என்று அறிவித்தது. அவர் வற்புறுத்தியதாலா, வேறு காரணமா, தெரியாது. ஆனால் உள்ளூர்க் கட்டணத்தின் உச்சவரம்பை உயர்த்த ஓட்டெடுப்பு வந்தபோது, அவர் தன் கட்சியோடு சேர்ந்து ஆதரித்துவிட்டார். மகளுக்கு வந்த நல்ல செய்தியும் தோழிக்கு வந்த கெட்ட செய்தியும் ஒரே மாதத்தில். "சந்தோஷப்படவே கூச்சமா இருக்கும்மா" என்றாள். மறுநாள் இருவரும் ஒரே போராட்ட அட்டையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு பல்கலைக்கழக வாசலில் நின்ற படம் வந்தது. சேட்டன் அதைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்துக் கடையில் மாட்டினார்.

இந்த டிசம்பரில் மகளோடு தோழியும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். விமானச் சீட்டுக்காக அங்கே ஒரு பேக்கரியில் மாதக்கணக்கில் வேலை செய்திருக்கிறாள். முதல் நாளே சேட்டன் வந்து, கப்பைக்கிழங்கும் மீன்கறியும் நடுவில் இருக்க, இங்கே சுயநிதிக் கல்லூரிகள் வந்த கதையைத் தன் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். அவள் குறுக்கே குறுக்கே கேட்டாள். அவர் வேகத்துக்கு அவளும் அவள் உச்சரிப்புக்கு அவரும் திணற, நான் நடுவில் மொழிபெயர்த்தேன். உறைப்பில் கண்ணீர் வழிய, பேச்சை நிறுத்தாமல், அவள் தட்டை இன்னும் கொஞ்சம் மீனுக்காக என் பக்கம் நீட்டினாள்.